சோடாவையும் வினிகரையும் கலந்தால் என்ன மிஞ்சும்?

அடைபட்ட பாத்திரத் தொட்டியில் இரண்டு கரண்டி வெள்ளைத் தூள். அதன் மேல் அரைக் குவளை வினிகர். புஸ்ஸென்று நுரை பொங்கி எழுகிறது. பின்னணியில் துள்ளலான இசை. கடைசியில் பளபளக்கும் தொட்டி. நோன்புப் பெருநாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு என்று வீடு துப்புரவாக்கும் காலம் நெருங்கினால் இப்படி ஒரு காணொளி ஏதாவது ஒரு புலனக் குழுவில் வந்து விழுந்துவிடும். "ரசாயனமே கிடையாது, முழுக்க முழுக்க இயற்கை" என்ற வரியும் அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும்.

நுரை வந்தது உண்மைதான். அழுக்குப் போனதா என்பதுதான் கேள்வி.

அந்த வெள்ளைத் தூள் சோடியம் பைகார்பனேட். ஆப்பச் சோடா, சமையல் சோடா என்று நாம் சொல்வது இதைத்தான். நம் கடைகளில் விற்கும் பொட்டலத்தில் ‘சோடா பிகார்போனாட்’ என்று மலாயில் அச்சிட்டிருப்பார்கள். வினிகர் என்பது தண்ணீரில் கரைந்த அசெட்டிக் அமிலம். சாதாரணக் கடை வினிகரில் அது சுமார் 5 விழுக்காடு இருக்கும். 100 மில்லி லிட்டர் வினிகரில் ஏறக்குறைய 5 கிராம் அமிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 5 கிராம் அமிலத்தை முழுமையாகச் செயலிழக்கச் செய்ய 7 கிராம் சோடா போதும். அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. இரண்டும் சேர்ந்ததும் ஏறக்குறைய 2 லிட்டர் கரியமில வாயு வெளியேறும். நாம் பார்க்கும் நுரை அதுதான். வாயு போன பிறகு தொட்டியில் மிஞ்சுவது தண்ணீரும் அதில் கரைந்த சுமார் 7 கிராம் சோடியம் அசெட்டேட் என்ற உப்பும். உருளைக்கிழங்கு வறுவலில் உப்பும் புளிப்பும் சேர்ந்த சுவை வருவதற்காகச் சேர்க்கப்படுவதும் இந்த உப்புக் குடும்பமே. தின்பதற்குச் சுவையாக இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கை அது ஒன்றும் செய்யாது.

சோடா தனியாக ஒரு வேலை செய்யும். வினிகர் தனியாக வேறொரு வேலை செய்யும். இரண்டையும் சரியான அளவில் கலந்தால் இரண்டின் வேலையும் போய்விடும். அளவு கூடக்குறைய இருந்தால் மிச்சமிருக்கும் ஒன்று மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். அதற்கு அந்த ஒன்றை மட்டுமே ஊற்றியிருக்கலாம். குமிழிகள் மேலே வரும்போது ஒட்டாமல் கிடக்கும் துகள்களைக் கொஞ்சம் கிளப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் குழாய்க்குள் உறைந்துபோன கொழுப்பை அந்தக் குமிழி தள்ளாது. வாயு எளிதான வழியைத்தான் தேடும். அடைப்பைத் தாண்டிக் கீழே போவதைவிட மேலே தொட்டிக்குள் பொங்குவது அதற்கு எளிது. காணொளியில் பளபளப்பு வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கடைசியில் ஊற்றிய வெந்நீரும் தேய்த்த பஞ்சும்தான்.

நுரை என்றால் துப்புரவு என்ற எண்ணம் நமக்குச் சோப்பினால் வந்தது. உண்மையில் சோப்பிலும் அழுக்கை நீக்குவது நுரையல்ல.

சாம்பலும் புளியும்

இந்த விஷயத்தில் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் தெளிவாக இருந்தார்கள். விறகடுப்பில் சமைத்த காலம் அது. எண்ணெய்ச் சட்டிக்கும் கரிப்பிடித்த பானைக்கும் அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தார்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கும் செம்புக்கும் புளி. சாம்பலையும் புளியையும் ஒரே கிண்ணத்தில் குழைத்து எதையும் தேய்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காரம். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. வீட்டில் சேரும் அழுக்குகளில் பல, இந்த இரண்டில் ஏதாவது ஒன்றுக்குத்தான் கட்டுப்படும். எண்ணெய், கொழுப்பு, தீய்ந்த சோறு, வியர்வை நாற்றம் ஆகியவற்றைக் காரம் கவனித்துக்கொள்ளும். செம்பிலும் பித்தளையிலும் படியும் கறுப்பு, குழாய் முனையில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு, கழிப்பறைக் கிண்ணத்தின் மஞ்சள் கறை ஆகியவற்றுக்கு அமிலம் வேண்டும். பித்தளை விளக்கைச் சோடாவால் எவ்வளவு தேய்த்தாலும் புளி கொடுக்கும் நிறம் வராது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் தாமிர ஆக்சைடு. அதைக் கரைக்க அமிலம்தான் வேண்டும்.

காரம் என்றதும் மிளகாயை நினைக்க வேண்டாம். தமிழில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. இங்கே சொல்லும் காரம், பள்ளி அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக மாற்றிப் பார்க்கும் அந்தக் காரம். அதன் கடுமையைப் பிஎச் என்ற அளவுகோலில் அளக்கிறோம். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் பத்து மடங்கு வேறுபாடு. வினிகர் ஏறக்குறைய 2.5 முதல் 3 வரை. சமையல் சோடா கரைசல் 8.3. சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட் 11க்கு அருகில். அடைப்பு நீக்கும் மருந்துகளில் இருக்கும் காஸ்டிக் சோடா 13, 14 என்று உச்சியில் இருக்கிறது. மூன்றின் பெயரிலும் ‘சோடா’ இருப்பதால் மூன்றும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. முதலாவதை ஆப்பத்தில் போட்டுச் சாப்பிடுகிறோம். கடைசியில் உள்ளது தோலை வெந்துபோகச் செய்யும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நாசி கெராபுவுக்கும் நீல நிறக் குவேகளுக்கும் போடும் சங்குப்பூவைக் கொஞ்சம் வெந்நீரில் ஊற வையுங்கள். நீலச் சாறு கிடைக்கும். ஒரு குவளையில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். இன்னொரு குவளையில் சமையல் சோடா போட்டால் நீலப்பச்சையாகும். பிறகு இரண்டு குவளைகளையும் சிறிது சிறிதாகக் கலந்தால் பழைய நீலம் திரும்பும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் கிடையாது.

சாம்பலின் வாரிசு இன்றும் நம் சந்தையில் இருக்கிறது. குவே செய்பவர்கள் வாங்கும் ‘ஆயர் அபு’ என்பதற்கு நேர்ப்பொருள் சாம்பல் நீர். மஞ்சள் மீயின் வழவழப்புக்கும் அந்தக் காரமே காரணம். தமிழகத்து வண்ணார்கள் துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணிலும் சோடியம் கார்பனேட் வகை உப்புகள்தான் வேலை செய்தன. அந்தத் தொழிலின் தடம் பினாங்கின் வண்ணாந்துறையிலும் சிங்கப்பூரின் டோபி காட் என்ற பெயரிலும் இன்னும் நிற்கிறது.

சோடா உண்மையில் எதற்கு நல்லது?

சமையல் சோடாவின் பெரிய குணம் அதன் அடக்கம். தண்ணீரில் ஒரு கரண்டி போட்டாலும் 8.3, அரைக் கிலோ கொட்டினாலும் ஏறக்குறைய அதே 8.3. காரத்தன்மை அதற்கு மேல் ஏறாது. இதனால் கை வெந்துபோகாது, துணி நைந்துபோகாது. அதே காரணத்தால் அடுப்புக்கு மேலே உள்ள புகைப்போக்கியில் பல மாதங்களாகப் படிந்து, பசைபோல் இறுகிவிட்ட எண்ணெயை அது கரைக்கவும் செய்யாது. புதிய எண்ணெய்ப் பிசுக்குக்குக்கூடப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சோடாவைவிடப் பல மடங்கு மேல். இதை ஒப்புக்கொள்ளாத ‘ஆயிரம் பயன்கள்’ பட்டியல்களை நான் நம்புவதில்லை.

இரண்டாவது குணம் அதன் மென்மை. அறை வெப்பத்தில் 100 மில்லி லிட்டர் தண்ணீர் 10 கிராமுக்கும் சற்றுக் குறைவான சோடாவைத்தான் கரைக்கும். ஆகவே மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்தால் பெரும்பகுதி கரையாமல் நுண்ணிய படிகங்களாகவே நிற்கும். தேய்க்கும்போது வேலை செய்வது அந்தப் படிகங்கள். பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சோடாப் படிகம் 2.5. நம் விரல் நகமும் அதே அளவுதான். கண்ணாடி 5.5. எனவே கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவற்றில் கீறல் விழாமல் கறையை மட்டும் சுரண்ட முடிகிறது. தேநீர்க் கறை படிந்த கோப்பைக்குச் சோடாக் குழம்பைப் போல் வேறொன்றைச் சொல்ல மாட்டேன். ஈரத்துணியில் கொஞ்சம் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் அரை நிமிடத்தில் போய்விடும்.

இந்த மென்மையை நம்பி ஒரு பெரிய வேலையே நடந்திருக்கிறது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை 1980களில் புதுப்பித்தபோது, அதன் செம்புத் தகட்டின் உட்புறத்தில் பழைய தார்ப் பூச்சு கெட்டியாக ஒட்டிக்கிடந்தது. மணலை வீசியடித்துச் சுரண்டினால் மெல்லிய செம்பு தேய்ந்துவிடும். அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் தாரை எடுத்தார்கள். செம்பின் கடினம் 3. சோடாவைவிடச் சற்றே அதிகம். அந்தச் சிறு இடைவெளி போதுமானதாக இருந்தது.

மூன்றாவது குணம், சூடேறினால் அது வேறொன்றாக மாறுவது. ஏறக்குறைய 50 பாகை செல்சியசைத் தாண்டியதும் சோடா மெல்லச் சிதையத் தொடங்கும். தண்ணீரும் கரியமில வாயுவும் வெளியேற, மிஞ்சுவது கடுமையான சலவைச் சோடா. தீய்ந்த பாத்திரத்துக்கு இந்த மாற்றம்தான் கைகொடுக்கிறது. பாயாசமோ சம்பாலோ அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில், தீய்ந்த இடம் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, இரண்டு மேசைக்கரண்டி சோடா போட்டுக் கொதிக்க வையுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, நன்றாக ஆறும்வரை தொடாமல் விடுங்கள். கொதிக்கும்போது கரைசலின் காரம் ஏறி, தீய்ந்த மாவும் புரதமும் உப்பி நெகிழ்ந்துவிடும். மரக் கரண்டியால் தள்ளினால் பட்டையாகப் பெயரும். இதற்கு வினிகர் ஊற்றச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் கடந்து போய்விடுங்கள். கொதிக்க வைத்துச் சம்பாதித்த காரத்தை அது ஒரே நொடியில் கரைத்துவிடும்.

வெதுப்பி வைத்திருப்பவர்கள் சோடாவைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி 200 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தால் வீட்டிலேயே சலவைச் சோடா கிடைக்கும். 100 கிராம் போட்டால் 63 கிராம் அளவுக்குத்தான் திரும்ப வரும். மீதி ஆவியும் வாயுவும். புகைப்போக்கியின் எண்ணெய்ப் பசைக்கு இதை வெந்நீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். கையுறை கட்டாயம். அலுமினியத்தில் வேண்டாம்.

அலுமினியம் என்றதும் இன்னொன்று. காரம் பட்டால் அலுமினியம் மங்கிக் கறுக்கும். நாசி லெமாக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய அலுமினியப் பானை, பழைய குவாலி, இட்லித் தட்டு ஆகியவற்றைச் சோடா வெந்நீரில் ஊறப் போடக் கூடாது. ஒட்டாத பூச்சுள்ள சட்டி, பிளாஸ்டிக், மெருகேற்றிய மரம் ஆகியவற்றைச் சோடாப் படிகங்களே கீறிவிடும். பளிங்குத் தரைக்கு வினிகர் பகை. பளிங்கும் ஒருவகைச் சுண்ணாம்புதான் என்பதால் அமிலம் அதைத் தின்றுவிடும்.

நாற்றத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு

குளிர்பதனப் பெட்டியில் ஒரு டப்பா சோடாவைத் திறந்து வைத்தால் நாற்றம் போகும் என்பது உலகம் முழுவதும் பரவிய நம்பிக்கை. அதைப் பரப்பியது ஒரு விளம்பரம். 1846 முதல் அமெரிக்காவில் சோடா விற்றுவந்த குடும்பங்களின் நிறுவனம், வீடுகளில் ரொட்டி சுடுவது குறைந்து விற்பனையும் மந்தமான காலத்தில், 1972ஆம் ஆண்டு ‘ஆர்ம் அண்ட் ஹேமர்’ பெட்டியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி விளம்பரம் செய்தது. சமையலுக்கு வாங்காதவர்களும் வாங்கத் தொடங்கினார்கள்.

முழுப் பொய்யும் இல்லை. நாற்றம் என்பது காற்றில் மிதந்து நம் மூக்குக்குள் வரும் மூலக்கூறுகள். கெட்டுப்போன பால், வியர்வை ஊறிய பனியன், காலணி ஆகியவற்றின் நாற்றத்தில் அமிலங்கள் அதிகம். அவை சோடாவைத் தொட்டால் உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, மூக்குக்கும் வராது. ஆனால் தொட வேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் கிடக்கும் டப்பாவின் வாயை எத்தனை மூலக்கூறுகள் தேடிப் போகும்? அகலமான தட்டில் பரப்பி வைத்தால் பலன் கொஞ்சம் கூடும். விளையாட்டு உடையைத் துவைக்கும் முன், ஒரு வாளித் தண்ணீரில் அரைக் குவளை சோடா கரைத்து அரைமணி நேரம் ஊற வைப்பது அதைவிட நல்ல பலன் தரும். அங்கே துணியின் ஒவ்வோர் இழையையும் சோடா தொடுகிறது.

மீன் நாற்றம் எதிர்ப் பக்கம். அதற்குக் காரணமான டிரைமெத்தில் அமின் ஒரு காரம். காரத்தைக் காரம் அடக்காது. சோடா போட்டால் நாற்றம் கூடவும் செய்யலாம். மீன் கழுவிய கைக்கும் பலகைக்கும் எலுமிச்சையோ புளித் தண்ணீரோதான் மருந்து. நம் வீடுகளில் மீனைப் புளித் தண்ணீரில் அலசுவதன் பின்னால் இருக்கும் வேதியியலும் இதுவே.

டுரியான்? அதன் வாசத்தில் ஈதேன்தயோல் போன்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. மிகமிகச் சிறிய அளவிலேயே அவற்றை நம் மூக்கு பிடித்துவிடும். சோடா அவற்றிடம் தோற்றுப்போகும். காற்றுப் புகாத டப்பா, அல்லது வேதிப்பொருள்களை ஈர்த்துப் பிடிக்கும் கரித்தூள் பை; இல்லையென்றால் வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு வருவது.

வெள்ளிக் கொலுசின் கறுப்பு

சோடாவின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. வெள்ளி கறுத்துப்போவது அழுக்கால் அல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியின் மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலம் ஆகிறது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்தப் படலத்தோடு அதிலுள்ள வெள்ளியும் போய்விடும். ஆண்டுக்கணக்கில் தேய்த்த குங்குமச் சிமிழில் பூவேலைப்பாடு மழுங்கிப்போவது இதனால்தான்.

பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரியுங்கள். கொலுசு, சிமிழ் எல்லாம் அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சோடா கரைத்து ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு தானாக மறையும். லேசாக அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம். கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிகிறது. இங்கே நடப்பது ஒரு சிறு மின்கல வேலை. அலுமினியம் தன் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. சல்பைடில் சிக்கிய வெள்ளி அவற்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் வெள்ளியாகிறது. அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடுத் தோலை நீக்குவதும் எலக்ட்ரான் ஓட்டத்துக்கு ஏற்றபடி தண்ணீரை மாற்றுவதும் சோடாவின் பங்கு. முத்து, கல் பதித்த நகைகளையும், வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடுகளையும் இதில் போடாதீர்கள்.

கிருமியைக் கொல்லுமா?

கொல்லும் என்று நம்பிச் செயல்படக் கூடாது. சோடா கிருமிநாசினி அல்ல. கோழி வெட்டிய பலகையைச் சோடாவால் தேய்த்தால் வாடை குறையும், கறை போகும். சால்மோனெல்லா போன்ற கிருமி இருந்தால் அது அங்கேயே இருக்கலாம். சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்து அலசி, கிருமிநாசினி தேவையென்றால் அதன் பொட்டலத்தில் சொன்ன அளவில் தனியாகப் பயன்படுத்துங்கள். குளியலறைச் சுவரில் படரும் பூஞ்சணத்துக்கும் இதே பதில். நம் ஊர் ஈரப்பதத்தில் காற்றோட்டம் இல்லாமல் எதைத் தடவினாலும் அது திரும்ப வரும்.

பழம் கழுவ மட்டும் சோடாவுக்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிள் தோலில் இரண்டு பூச்சி, பூஞ்சை மருந்துகளைத் தடவி, வெவ்வேறு முறைகளில் கழுவிப் பார்த்தார்கள். 1 விழுக்காட்டுச் சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது தோலின் மேற்பரப்பில் இருந்த மருந்து நீங்கியது. வெறுந்தண்ணீரைவிட அது நன்றாக வேலை செய்தது. தோலுக்குள் ஊறிவிட்ட பகுதியைச் சோடாவால் எடுக்க முடியவில்லை. வீட்டுக் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி, கால் மணி நேரம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். அந்த மருந்துகள் கார நீரில் சிதையும் என்பதால் கிடைத்த பலன் அது. எல்லா மருந்துக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கலக்கும் பழக்கம்தான் ஆபத்து

சோடாவையும் வினிகரையும் கலப்பதால் உடம்புக்குக் கேடில்லை. பணமும் நேரமும் வீண், அவ்வளவுதான். ஒரே ஒரு விதிவிலக்கு: அந்தக் கலவையைப் பிறகு பயன்படுத்தலாம் என்று தெளிப்பான் புட்டியில் ஊற்றி மூடி வைக்காதீர்கள். 2 லிட்டர் வாயு போக இடமில்லாமல் புட்டி வெடித்துவிடும்.

என்னை உறுத்துவது வேறு. ‘இரண்டு நல்ல பொருளைக் கலந்தால் இரட்டிப்பு நல்லது’ என்ற எண்ணத்தை அந்த நுரை நம் கையில் பழக்கிவிடுகிறது. அதே கை அடுத்த முறை குளியலறை அலமாரியைத் திறக்கிறது. அங்கே இருப்பது சோடாவும் வினிகரும் அல்ல. குளோரோக்ஸ் என்றே நாம் பொதுவாகச் சொல்லும் பிளீச் இருக்கிறது. கழிப்பறைக் கறை நீக்கி இருக்கிறது; அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும், வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஆனாலும், குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் படைவீரர்கள்மீது திறந்துவிடப்பட்ட அதே வாயு. அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். தரையை ஒட்டித் தேங்கும். குந்தித் தேய்த்துக்கொண்டிருப்பவரின் முகம் எங்கே இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நம் அடுக்குமாடி வீடுகளின் குளியலறையும் சிறியது. பலவற்றில் சன்னல் ஒரு சாண் அகலம்தான். பிளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தால் வேறு நச்சு வாயு, குளோரமின்.

இது அரிதாக நடப்பதல்ல. கோவிட் பெருந்தொற்று தொடங்கிய 2020இன் முதல் மூன்று மாதங்களில், துப்புரவுப் பொருள், கிருமிநாசினி தொடர்பாக அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் முந்தைய ஆண்டைவிட சுமார் 20 விழுக்காடு கூடின. அதே ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 502 பேரிடம் நடத்திய கருத்தாய்வில், 39 விழுக்காட்டினர் கிருமிக்குப் பயந்து ஏதாவது ஓர் ஆபத்தான செயலைச் செய்ததாகச் சொன்னார்கள். 19 விழுக்காட்டினர் பழம், காய்கறி போன்ற உணவுப் பொருள்களையே பிளீச்சில் கழுவியிருந்தார்கள்.

கண் எரிந்து, தொண்டை கரகரத்து, இருமல் வந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருகிறேன் என்று நிற்காதீர்கள். போகிற வழியில் கதவைத் திறந்து விடுங்கள். மூச்சுத் திணறினால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. நெஞ்சு இறுக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று இருந்துவிடக் கூடாது.

அடைப்பு நீக்கும் மருந்தை ஏற்கெனவே ஊற்றிவிட்ட குழாயில், அது வேலை செய்யவில்லையே என்று மேலே வேறெதையும் ஊற்றக் கூடாது. சிலவற்றில் காஸ்டிக் சோடா, சிலவற்றில் சல்பியூரிக் அமிலம். இரண்டும் குழாயில் சந்தித்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

‘இயற்கை’ என்ற சொல்

சோடா இயற்கையானதா? எகிப்தின் வாடி நட்ரூன் பள்ளத்தாக்கில் ஏரிகள் வற்றும்போது கிடைக்கும் நாட்ரான் என்ற உப்பில் சோடியம் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் இருக்கின்றன. பழங்கால எகிப்தியர் அதை உடல் கழுவவும் இறந்தவர் உடலைப் பதப்படுத்தவும் பயன்படுத்தினார்கள். சோடியத்தின் இலத்தீன் பெயரான நேட்ரியம் அதிலிருந்து வந்தது. அமெரிக்காவின் வயோமிங்கில் ட்ரோனா என்ற கனிமத்தை வெட்டியெடுத்துச் சோடா செய்கிறார்கள். உலகின் பல இடங்களில், பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே 1861இல் கண்ட வழியில், உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் கொண்டு தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். மண்ணிலிருந்து வந்த பொட்டலத்துக்கும் ஆலையிலிருந்து வந்த பொட்டலத்துக்கும் மூலக்கூறில் வேறுபாடு இல்லை. இரண்டும் ரசாயனம்தான், தண்ணீரும் ரசாயனம்தான். அரளி விதையும் இயற்கைதான். சோடா பாதுகாப்பானது என்பதற்குக் காரணம் அதன் பிறப்பல்ல, அந்த 8.3.

வாங்கும்போது பெயரைப் பாருங்கள். ‘செர்புக் பெனாயிக்’ என்று இருந்தால் அது பேக்கிங் பவுடர். அதில் சோடாவோடு உலர்ந்த அமிலமும் மாவும் சேர்ந்திருக்கும். தண்ணீர் பட்டதும் உள்ளுக்குள்ளேயே சண்டை முடிந்துவிடும். துப்புரவுக்கு அது உதவாது, விலையும் கூடுதல்.

சமையலறை அலமாரியில் பெயர் ஒட்டாத ஒரு டப்பாவில் வெள்ளைத் தூள் கிடந்தால், கால் தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போடுங்கள். பரபரவென்று பொங்கினால் பேக்கிங் பவுடர். அப்படிப் பொங்காவிட்டால் இன்னொரு கால் கரண்டியில் சில சொட்டு வினிகர் விடுங்கள், பொங்கினால் சோடா. இரண்டிலும் பொங்காவிட்டால் சோளமாவோ வேறெதுவோ. வினிகரையும் சோடாவையும் சேர்ப்பதால் வீட்டில் கிடைக்கும் உருப்படியான பயன் எனக்குத் தெரிந்து இதுதான். ஆனால் இந்தச் சோதனை சமையலறை டப்பாவுக்கு மட்டுமே. குளியலறையிலோ பாத்திரத் தொட்டிக்குக் கீழேயோ பெயரில்லாத தூள் கிடந்தால் அது பிளீச்சுத் தூளாகவும் இருக்கலாம். அதில் வினிகர் விடாதீர்கள்.